ஒரு இண்டி பேண்டை முதல் ஆல்பத்துல இருந்து கடைசி வரைக்கும் கேக்குறது எப்படி: ஆர்க்டிக் மங்கீஸை வச்சு ஒரு கைடு

எந்த பேண்டை எடுத்தாலும் ரெண்டு கோஷ்டி இருக்கும். "முதல் ரெண்டு ஆல்பத்தோட சரி, அப்புறம் ஊத்திக்கிச்சு"ன்னு ஒரு கோஷ்டி, "உனக்கு புரியல, புதுசுதான் மாஸ்டர்பீஸ்"னு இன்னொரு கோஷ்டி. ரெண்டு பேருமே பெரும்பாலும் ஆல்பங்களை வரிசையா உக்காந்து கேட்டிருக்க மாட்டாங்க, அங்க ஒரு ஹிட்டு இங்க ஒரு ஹிட்டுன்னு கேட்டுட்டு மல்லுக்கட்டிட்டு இருப்பாங்க. ஒரு பேண்டோட சவுண்ட் எங்க மாறுச்சு, எதனால மாறுச்சு, அந்த மாற்றம் முன்னாடியே எங்கயாச்சும் தலையை நீட்டுச்சா, இதெல்லாம் விமர்சனம் படிக்காம உங்க காதாலயே கண்டுபுடிக்க முடியும், அதுக்குத்தான் இந்த கைடு. மியூசிக் தியரி தெரிய வேணாம், நோட்டேஷன் படிக்கத் தெரிய வேணாம். ஒரு ஹெட்போன், ஒரு வாரம் பத்து நாள், கொஞ்சம் பொறுமை, போதும்.

நான் முழுக்க ஆர்க்டிக் மங்கீஸை வச்சே சொல்லப் போறேன். எனக்கு புடிச்ச பேண்டுங்கறது ஒரு காரணம்தான், ஆனா உருப்படியான காரணம் வேற. 2006-ல இருந்து 2022 வரைக்கும் 7 ஸ்டுடியோ ஆல்பம் போட்டிருக்காங்க, அதுல ஆளுங்க கிட்டத்தட்ட மாறவே இல்ல. பாட்டும் கிட்டாரும் அலெக்ஸ் டர்னர், இன்னொரு கிட்டார் ஜேமி குக், டிரம்ஸ் மேட் ஹெல்டர்ஸ், மூணு பேரும் ஆரம்பத்துல இருந்தே இருக்காங்க. பேஸ் கிட்டார்ல மட்டும் முதல் ஆல்பத்துல ஆண்டி நிக்கல்சன் இருந்தாரு, 2006-லயே அவர் விலகி நிக் ஓமாலி வந்துட்டாரு. ரெண்டாவது ஆல்பத்துல இருந்து ஏதோ ஒரு வகையில ஜேம்ஸ் ஃபோர்டுங்கற புரொடியூசர் (ஸ்டுடியோவுல ரெக்கார்டிங்கை வழிநடத்துறவரு) கூடவே இருக்காரு. அதாவது ஆளும் அதேதான், புரொடியூசரும் பெரும்பாலும் அதேதான், ஆனா முதல் ஆல்பத்தையும் ஏழாவதையும் பேர் சொல்லாம போட்டுக் காட்டினா ஒரே பேண்டுன்னு நம்ப மாட்டீங்க. ஆள் மாறி சவுண்ட் மாறினா "ஆள் மாறிட்டாங்க"ன்னு சொல்லிட்டு போயிடலாம், இங்க அது முடியாது, வேற காரணம் தேடியே ஆகணும். கத்துக்கறதுக்கு இத விட தோதான கேஸ் கிடைக்காது.

பேண்ட் தெரியாதவங்களுக்கு சுருக்கமா: இங்கிலாந்துல ஷெஃபீல்டு ஊரு, அதுலயும் ஓரத்துல ஹை கிரீன்னு ஒரு ஏரியா, 2002-ல ஆரம்பிச்ச பசங்க. கச்சேரிக்கு வந்தவங்களுக்கு டெமோ சிடி எரிச்சு சும்மா குடுத்தாங்க, அதை வாங்கினவங்க இன்டர்நெட்ல ஏத்திவிட்டு அது பரவி பெரிய ஆளாயிட்டாங்க. 2005-ல டொமினோன்னு ஒரு லேபிள்ல சேந்தாங்க. டொமினோ பெரிய கார்ப்பரேட் கம்பெனி இல்ல, சொந்தமா ஓடுற சுதந்திர லேபிள், 1993-ல லாரன்ஸ் பெல்னு ஒருத்தர் ஆரம்பிச்சது. இன்னைக்கு வரைக்கும் அதே லேபிள்தான். இண்டிங்கறதே மொதல்ல இந்த சுதந்திர லேபிள் சமாச்சாரத்துக்கு வந்த பேருதான், அப்புறம்தான் அது ஒரு மாதிரி கிட்டார் சவுண்டுக்கு பேரா ஒட்டிக்கிச்சு. முதல் ஆல்பம் 'வாட்டெவர் பீப்பிள் சே ஐ ஆம், தட்ஸ் வாட் ஐம் நாட்' 2006 ஜனவரியில வந்து முதல் வாரமே பிரிட்டன்ல 3,60,000 காப்பிக்கு மேல வித்துச்சு, ஒரு பேண்டோட முதல் ஆல்பம் அந்த வேகத்துல வித்தது அதுவரைக்கும் அங்க இல்ல. டர்னருக்கு அப்போ 20 வயசு முடிஞ்சு சில வாரம்தான் ஆகியிருந்துச்சு. இந்த வயசு விஷயத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

கேக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி செட்டிங்ஸை சரி பண்ணுங்க

ஷஃபிளை ஆஃப் பண்ணுங்க. ஈக்வலைசர் ஏதாச்சும் போட்டு வச்சிருந்தா, அந்த பேஸ் பூஸ்ட் எல்லாம், அதையும் ஆஃப் பண்ணுங்க, ஏன்னா எல்லா ஆல்பத்துலயும் பேஸ் ஒரே மாதிரி உறுமினா எந்த ஆல்பத்துல நிஜமாவே பேஸ் முன்னாடி வந்துச்சுன்னு தெரியாமயே போயிடும். ஒரு பாட்டு முடியறப்போவே அடுத்ததை கலந்து விடுற கிராஸ்ஃபேட் வேணாம், ஒரு பாட்டு எப்படி முடியுதுங்கறது நமக்கு முக்கியம். வால்யூமை சமப்படுத்துற ஆப்ஷன் இருந்தா அது மட்டும் ஆன்லயே இருக்கட்டும், சத்தம் அதிகமா இருக்குற ஆல்பம்தான் நல்லா இருக்குன்னு காது சட்டுனு ஏமாந்துரும். ஃபோன் ஸ்பீக்கர்ல கேக்காதீங்க, அதுல பேஸ் கிட்டார்னு ஒண்ணு இருக்குறதே தெரியாது. விலை கூடின ஹெட்போன் எல்லாம் தேவையில்ல, காதுல ஒழுங்கா உக்காந்தா போதும்.

ஒரு விஷயம், ஆப்ல "பெஸ்ட் ஆஃப்" மாதிரி ரெடிமேட் பிளேலிஸ்ட் ஒண்ணு எல்லா பேண்டுக்கும் இருக்கும், அந்தப் பக்கமே போகாதீங்க. 2006 பாட்டுக்கு பக்கத்துல 2013 பாட்டு, அதுக்கு பக்கத்துல 2007, எல்லாம் கலந்து கட்டி இருக்கும், அதுல மாற்றத்தை தேடுறது வீண் வேலை. ஆல்பத்தை எடுங்க, வெளியான வரிசையில.

முதல் ரவுண்டுல எதையும் நோண்டாதீங்க

ஒரு நாளைக்கு ஒரு ஆல்பம். இவங்க ஆல்பம் எல்லாமே கிட்டத்தட்ட 40 நிமிஷம்தான், அதனால ஆபீஸ் போற பஸ்ஸுல ஒண்ணு முடிஞ்சுடும். எதையும் குறிப்பா கவனிக்க வேணாம், சும்மா ஓடட்டும். முடிஞ்சதும் ஒரே ஒரு வரி எழுதி வைங்க, "அவசரம்", "ராத்திரி", "சோம்பேறி ஞாயித்துக்கிழமை", இப்படி மனசுல என்ன வந்துச்சோ அது. நல்லா இருக்கா இல்லையாங்கற தீர்ப்பு இப்ப வேணாம். விமர்சனம் எதுவும் படிக்காதீங்க, படிச்சா அவங்க சொன்னதுதான் உங்க காதுல கேக்கும்.

வரிசை இதுதான்: முதல் ஆல்பம் 2006, 'ஃபேவரிட் வொர்ஸ்ட் நைட்மேர்' 2007, 'ஹம்பக்' 2009, 'சக் இட் அண்ட் சீ' 2011, 'ஏஎம்' 2013, 'டிராங்க்விலிட்டி பேஸ் ஹோட்டல் அண்ட் கசினோ' 2018, 'தி கார்' 2022. வருஷங்களைப் பாருங்க. முதல்ல 1 வருஷ இடைவெளி, அப்புறம் ரெண்டு ரெண்டு வருஷமா ஓடுது, 'ஏஎம்'முக்கு அப்புறம் திடீர்னு 5 வருஷம். இடைவெளி பெருசா விழுற இடத்துல ஒரு குறி போட்டு வைங்க, அங்க ஏதோ நடந்திருக்கும்.

ரெண்டாவது ரவுண்டு, டிரம்ஸ் மட்டும்

நிறைய பேரு பாடுறவரை மட்டுமே ஃபாலோ பண்ணுவாங்க. ஆனா ஒரு ராக் பேண்ட் மாறுறப்போ பெரும்பாலும் மொதல்ல மாறுறது டிரம்ஸ்தான்னு நான் அடிச்சு சொல்லுவேன், பாட்டோட நடையே அங்கதான இருக்கு. ரெண்டாவது ரவுண்டுல ஒவ்வொரு ஆல்பத்துலயும் முதல் மூணு பாட்டை மட்டும் எடுத்து, குரலை மறந்துட்டு, ஹெல்டர்ஸ் கை என்ன பண்ணுதுன்னு மட்டும் கேளுங்க.

முதல் ஆல்பத்தோட முதல் பாட்டு 'தி வியூ ஃபிரம் தி ஆஃப்டர்நூன்'. அதோட வீடியோவே ஒரு டிரம்மர் விடாம வாசிக்கிறதுதான், அந்த அளவுக்கு டிரம்ஸ் தூக்கி நிறுத்துற பாட்டு. ரெண்டாவது ஆல்பம் 'பிரையன்ஸ்டார்ம்'ல தொடங்குது, அதுல டாம்ங்கற டிரம் மேல விழுற அடியைக் கேட்டாலே நமக்கு கை வலிக்கும். அப்படியே 'ஏஎம்'முக்கு தாவி 'டூ ஐ வான்னா நோ'வை போடுங்க. ஒரு மிதி ஒரு தட்டு, ஒரு மிதி ஒரு தட்டு, அவ்ளோதான். 15 செகண்டுக்கு எத்தனை அடி விழுதுன்னு எண்ணிப் பாருங்க, 21 கிட்ட வரும், நாலால பெருக்கினா நிமிஷத்துக்கு 85 சொச்சம். அதே 15 செகண்டுக்கு 'பிரையன்ஸ்டார்ம்'ல எண்ணிப் பாத்தா வித்தியாசம் கையிலயே தெரியும். ஆளு அதே ஹெல்டர்ஸ்தான், வாசிக்கத் தெரியாம குறைக்கல, இடம் விடணும்னு குறைச்சிருக்காரு. ஹிப்ஹாப், ஆர் அண்ட் பி பீட்டை எல்லாம் மனசுல வச்சுத்தான் அந்த ஆல்பத்தை பண்ணோம்னு அவங்களே பேசியிருக்காங்க, அது டிரம்ஸ்ல அப்பட்டமா தெரியும். அந்த இடம் விட்டதுனாலதான் பேஸ் கிட்டாரும், ஹெல்டர்ஸும் ஓமாலியும் பின்னாடி கள்ளக்குரல்ல (குரலை மெலிசாக்கி மேல ஏத்தி, ஃபால்செட்டோன்னு சொல்லுவாங்க) பாடுற கோரஸும் உள்ள வந்து உக்கார முடிஞ்சுது. முதல் ஆல்பத்துல அந்த மாதிரி கோரஸ் போட நினைச்சாலும் நுழைய சந்து கிடையாது.

அடுத்து 2018 ஆல்பத்துக்கு வாங்க. டிரம்ஸ் பின்னாடி போய் உக்காந்துடுது, சில இடத்துல இருக்குறதே தெரியாது. இதை மட்டும் கவனிச்சுட்டீங்கன்னா பாதி வேலை முடிஞ்சுது, அடிச்சு ஓட்டுற பேண்ட், அளந்து அடிக்கிற பேண்ட், கடைசியா அடியே தேவைப்படாத பேண்ட்.

குரலும் வார்த்தையும்

இங்கதான் ரசிகர் சண்டை நிறைய நடக்கும். முதல் ஆல்பத்துல டர்னர் பாடுறது அப்பட்டமான ஷெஃபீல்டு பேச்சு, ஒரு வரிக்குள்ள எவ்ளோ வார்த்தையை திணிக்க முடியுமோ திணிச்சு மூச்சு விடாம கொட்டுவாரு. பாட்டோட விஷயமும் அந்த ஊரு ராத்திரிதான், கிளப் வாசல்ல உள்ள விடாத பவுன்சர், டாக்ஸிக்குள்ள நடக்குற தகராறு, இந்த மாதிரி. 'ஹம்பக்'ல குரல் ஒரு படி கீழ இறங்குது, வார்த்தை குறையுது, கதை சொல்றது போய் படிமமா பேச ஆரம்பிக்கிறாரு. 2018-ல வந்தா பழைய காலத்து ஹோட்டல்ல சூட்டு போட்டுட்டு பியானோ பக்கத்துல நின்னு பாடுற ஆளு மாதிரி ஆயிட்டாரு. 'தி கார்'ல அவரே கள்ளக்குரலுக்கு ஏறி ஏறி இறங்குறாரு.

"உச்சரிப்பையே மாத்திட்டான், அமெரிக்கா போய் ஆக்டிங் போடுறான்"னு ஒரு கும்பல் திட்டும். 2014 பிரிட் விருது மேடையில டர்னர் இழுத்து இழுத்து பேசின பேச்சுக்கு அப்புறம் அந்த கும்பல் இன்னும் பெருசாச்சு. என் கருத்து வேற. 20 வயசுல டாக்ஸி ஸ்டாண்ட் சண்டையைப் பத்தி எழுதினவரு 32 வயசுலயும் அதையே எழுதினாத்தான் ஆக்டிங். அவரு அந்த டாக்ஸி வரிசையில நின்னு பல வருஷம் ஆச்சு, லாஸ் ஏஞ்சலஸ்ல வீடு, உலகம் பூரா டூர், 2018 ஆல்பத்துல வர்ற மாதிரி நிலாவுல ஒரு ஹோட்டல்னு கற்பனை பண்ணி எழுதறதுதான் அவருக்கு அப்போ நேர்மையான விஷயமா இருந்திருக்கும். புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லுங்க, போலின்னு சொல்லாதீங்க.

செய்ய வேண்டியது என்னன்னா, ஒவ்வொரு ஆல்பத்துலயும் ஒரு பாட்டை எடுத்து முதல் ஒரு நிமிஷத்துல எத்தனை வரி பாடுறாருன்னு எண்ணுங்க, அந்த வரியில ஊரு பேரு, கடை பேரு, ஆளு பேரு மாதிரி கையில தொடுற சமாச்சாரம் எத்தனை, மூட்டமா விட்டது எத்தனைன்னு பாருங்க. கொஞ்சம் கிறுக்குத்தனமா தெரியும், ஆனா வேலை செய்யும்.

யார் ரூம்ல இருந்தாங்க, எந்த ரூம் அது

இப்பதான் கிரெடிட்ஸ் படிக்க வேண்டிய நேரம். ஆப்ல பாட்டு பக்கத்துல இருக்குற மூணு புள்ளியை தட்டினா பெரும்பாலும் கிரெடிட்ஸ் வரும். காது கண்டுபுடிச்சதுக்கு அப்புறம்தான் இதைப் பாக்கணும், முன்னாடியே பாத்துட்டா சுவாரஸ்யம் போயிடும்.

முதல் ஆல்பம் ஜிம் ஆபிஸ் புரொடியூஸ் பண்ணது, லிங்கன்ஷயர்ல கிராமப்புறத்துல இருக்குற சேப்பல் ஸ்டுடியோஸ்ல. கேட்டா நாலு பேரு ஒரே ரூம்ல நின்னு வாசிக்கிற மாதிரிதான் இருக்கும், ரெண்டு கிட்டாரும் ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிட்டு நிக்கும், எஃபெக்ட்ஸ் ரொம்ப கம்மி. 'ஹம்பக்'குக்கு வாங்க, அதை கலிஃபோர்னியாவுல ஜோஷுவா ட்ரீ பாலைவனத்துல ராஞ்சோ டி லா லூனாங்கற ஸ்டுடியோவுல பெரும்பகுதி எடுத்தாங்க, மீதி நியூயார்க் புரூக்ளின்ல. குயின்ஸ் ஆஃப் தி ஸ்டோன் ஏஜ் பேண்டோட ஜோஷ் ஹோம் புரொடியூசரா வந்தாரு, கூட ஜேம்ஸ் ஃபோர்டும். கிட்டார்ல எதிரொலி, தடித்தடியா பேஸ், அவசரமே இல்லாத நடை, எல்லாம் இந்த ஆல்பத்துல ஒரே நேரத்துல வந்து இறங்குது. எல்லாருமே முடியை வேற வளத்துட்டாங்க. சும்மா சொல்லல, இந்த பேண்டை பொறுத்தவரைக்கும் டர்னர் தலையை பாத்தே எந்த ஆல்பம்னு சொல்லிடலாம், 'ஹம்பக்'ல தோள் வரைக்கும், 'ஏஎம்'ல எண்ணெய் வச்சு பின்னாடி வாரின எல்விஸ் ஸ்டைல்.

'ஹம்பக்' வந்தப்போ பழைய ரசிகருங்க பல பேருக்கு புடிக்கல. என்னைக் கேட்டா இந்த டிஸ்கோகிராஃபியோட (மொத்த ஆல்பம் வரிசையோட) கீல் இதுதான், கதவு திரும்பறது இந்த இடத்துலதான். 'ஏஎம்' இல்லாம கூட இந்த பேண்டை புரிஞ்சுக்கலாம், 'ஹம்பக்' இல்லாம முடியாது. 'ஏஎம்'ல எல்லாரும் சிலாகிக்கிற அந்த கனமான மெதுநடை ரிஃப்பு (திரும்பத் திரும்ப வர்ற கிட்டார் துணுக்கு), ராத்திரி வாசம், எல்லாத்துக்கும் அஸ்திவாரம் 2009-லயே போட்டாச்சு. ஜோஷ் ஹோம் சகவாசமும் ஒரு ஆல்பத்தோட முடியல, 'ஏஎம்'ல ரெண்டு பாட்டுல அவர் பின்னாடி பாடியிருக்காரு, அதே 2013-ல அவரோட பேண்ட் ஆல்பத்துல டர்னர் போய் பாடியிருக்காரு.

'சக் இட் அண்ட் சீ' பத்தி பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல, லாஸ் ஏஞ்சலஸ்ல சவுண்ட் சிட்டில எடுத்தது, வெளிச்சமான ஆல்பம், மெலடி நல்லா இருக்கும், ஒரு ஓட்டம் ஓட்டிட்டு போங்க.

எந்த வாத்தியத்துல பாட்டு எழுதினாங்க

இதை பல பேரு யோசிக்கவே மாட்டாங்க, ஆனா 2018 திருப்பத்துக்கு முக்கால்வாசி பதில் இதுலதான் இருக்கு. டர்னரோட 30வது பொறந்தநாளைக்கு அவரோட மேனேஜர் ஒரு ஸ்டெய்ன்வே பியானோவை பரிசா குடுத்தாரு. அதுவரைக்கும் கிட்டாரை வச்சே எழுதிட்டு இருந்தவரு, வீட்டுல அந்த பியானோ முன்னாடி உக்காந்து எழுத ஆரம்பிச்சாரு, பழைய 8 டிராக் டேப் மெஷின் ஒண்ணுல தானே ரெக்கார்டும் பண்ணாரு. அப்படி வந்ததுதான் 'டிராங்க்விலிட்டி பேஸ்'.

வாத்தியம் மாறினா ஏன் பாட்டு மாறணும்? கிட்டார்ல கை தன்னால ரிஃப்புக்கு போகும், தடித்த கம்பியில ஒரு உருப்படியை புடிச்சு திரும்பத் திரும்ப அடிச்சா பாதி பாட்டு ரெடி. பியானோவுல ரெண்டு கையும் தனித்தனி, இடது கை கீழ ஒரு வழியில நடக்கும், வலது கை மேல கார்டை (ஒரே நேரத்துல சேத்து அடிக்கிற ஸ்வரங்களை) மாத்திக்கிட்டே போகும், அதனால கார்டு நிறைய வரும், எதிர்பாக்காத இடத்துக்கு திரும்பும், ரிஃப்புக்கு வேலை இல்லாம போயிடும். வேகமும் தன்னால குறையும். இப்ப போய் 'ஏஎம்'ல ஒரு பாட்டையும் 'டிராங்க்விலிட்டி'ல ஒரு பாட்டையும் எடுத்து, வாய்க்குள்ள முணுமுணுத்துப் பாருங்க. 'ஏஎம்' பாட்டுல நீங்க முணுமுணுக்கறது கிட்டார் ரிஃப்பா இருக்கும், மத்ததுல குரலோட மெட்டா இருக்கும். ரிஃப்பை முணுமுணுக்க முடியலன்னா "பாட்டே இல்ல"ன்னு தோணும், அந்த ஆல்பத்தை வந்த புதுசுல நிறைய பேரு தூக்கி எறிஞ்சது அதனாலதான்னு நினைக்கிறேன். அதுலயும் வெளியாகறதுக்கு முன்னாடி ஒரு சிங்கிள் கூட விடல, 'ஏஎம்' எதிர்பாத்துட்டு போன ஜனம் நேரா நிலாவுல போய் விழுந்துச்சு. பெரிய லேபிளா இருந்தா அப்படி விட்டிருப்பாங்களான்னு தெரியல. இந்த ஆல்பத்துக்கு மட்டும் ஒரு தடவை கேட்டு முடிவு பண்ணாதீங்க, ராத்திரி லைட்டை அணைச்சுட்டு இன்னும் ரெண்டு மூணு தடவை குடுங்க.

எந்த பேண்டுக்கும் இதை தேடிப் பாருங்க, திடீர்னு மெதுவாயிட்டாங்களா, கார்டு எல்லாம் சிக்கலாயிடுச்சா, எழுதுற வாத்தியம் மாறியிருக்கான்னு பேட்டிகள்ல தேடினா பெரும்பாலும் கிடைக்கும்.

விதை தேடுற வேலை

எனக்கு ரொம்ப புடிச்ச பகுதி இது, நேரம் இருந்தா இதுல நல்லா மெனக்கெடுங்க. ஒரு பேண்ட் திடீர்னு மாறுச்சுன்னு சொல்றாங்க பாருங்க, அது கிட்டத்தட்ட எப்பவுமே பொய். அடுத்த ஆல்பத்தோட சவுண்டு முந்தின ஆல்பத்துல எங்கயோ ஒரு மூலையில ஒளிஞ்சுக்கிட்டு இருக்கும். தேட வேண்டிய இடம் நாலு: ஆல்பத்தோட கடைசி பாட்டு, ஆல்பத்துல மத்ததோட ஒட்டாத பாட்டு, தனியா வந்த சிங்கிள், இபி (சில பாட்டு மட்டும் இருக்குற குட்டி ஆல்பம்) சமாச்சாரம், அப்புறம் மெம்பருங்க வெளிய போய் பண்ண சைட் புராஜெக்ட்.

முதல் ஆல்பத்துல எல்லாம் பறக்குது, ஆனா நடுவுல 'ரயட் வேன்'னு ஒரு பாட்டு சாந்தமா வரும். அதே 2006-ல சில மாசத்துல வந்த இபில 'டிஸ்பேர் இன் தி டிபார்ச்சர் லவுஞ்ச்'னு ஒரு சோகமான மெதுவான பாட்டு இருக்கு. அப்போ யாரும் கண்டுக்கல. ரெண்டாவது ஆல்பத்தோட கடைசி பாட்டு '505', ஆர்கன்ல ஆரம்பிச்சு மெல்ல மெல்ல ஏறி கடைசியில உடையும், அந்த ஆல்பத்துல வேற எந்தப் பாட்டும் அப்படி இல்ல. அந்த ஆர்கன் தொடக்கம் என்னியோ மோரிகோனேவோட ஒரு பழைய வெஸ்டர்ன் படத்து இசையில இருந்து எடுத்தது. படத்து இசை மேல ஆசை அப்பவே வந்துடுச்சுன்னு அர்த்தம். அடுத்த வருஷமே, 2008-ல, டர்னர் மைல்ஸ் கேன்ங்கற பாடகர்கூட சேந்து தி லாஸ்ட் ஷேடோ பப்பெட்ஸ்ங்கற தனி பேண்ட் பேர்ல 60கள் மாதிரி முழு ஆர்கெஸ்ட்ராவோட ஒரு ஆல்பம் போட்டாரு, தந்தி வாத்தியத்துக்கு ஓவன் பாலெட் எழுதினாரு. 2022-ல 'தி கார்' வந்து வயலின் செல்லோ எல்லாம் கேட்டதும் "என்னடா திடீர்னு ஆர்கெஸ்ட்ரா"ன்னு கேட்டவங்க இந்த 2008 ஆல்பத்தை கேக்காதவங்க. 14 வருஷம் முன்னாடியே அந்த வேலையை ஒரு தடவை பாத்தாச்சு அவரு.

2011-ல ஒரே பாட்டு ரெண்டு வடிவத்துல இருக்கு, 'பைல்டிரைவர் வால்ட்ஸ்'. சப்மரீன் படத்துக்காக டர்னர் தனியா போட்ட இபில ஒண்ணு, சில மாசத்துல வந்த 'சக் இட் அண்ட் சீ'ல பேண்டோட ஒண்ணு. ரெண்டையும் அடுத்தடுத்து கேளுங்க. பேண்ட் உள்ள வந்ததும் என்ன சேருது, என்ன காணாம போகுதுன்னு இத விட தெளிவா எந்த பேண்டும் காட்டாது. 2012 ஆரம்பத்துல 'ஆர் யூ மைன்' தனி சிங்கிளா வந்துச்சு, அதுலதான் கனமான ரிஃப்பும் கள்ளக்குரல் கோரஸும் ஒண்ணா சேந்துச்சு, அதை புடிச்சுக்கிட்டுத்தான் ஒன்றரை வருஷம் கழிச்சு 'ஏஎம்' முழுசா வந்துச்சு. 'ஏஎம்'ல இருந்து நிலா ஹோட்டலுக்கு எப்படி போனாங்கன்னு கேட்டா, அதே 'ஏஎம்'ல நடுவுல 'நம்பர் ஒன் பார்ட்டி ஆந்தம்'னு ஒரு பியானோ பாட்டு இருக்கு, பேருதான் பார்ட்டி, பாட்டு தனியா பாருல உக்காந்து பொலம்புற மாதிரி. கடைசி பாட்டு 'ஐ வான்னா பி யுவர்ஸ்' சால்ஃபோர்டு கவிஞர் ஜான் கூப்பர் கிளார்க்கோட கவிதைக்கு மெட்டு போட்டது, மெத்துமெத்துன்னு போகும். இந்த ரெண்டையும் 5 வருஷ இடைவெளியில ஊற வச்சா 2018 வந்துடும். நடுவுல 2016-ல ஷேடோ பப்பெட்ஸ் ரெண்டாவது ஆல்பமும் வந்துச்சு, அதையும் கேட்டா பாலம் முழுசாவே தெரியும்.

லைவ் ரெக்கார்டிங்கை விட்டுடாதீங்க

கிளாஸ்டன்பரி ஃபெஸ்டிவல்ல இவங்க மூணு தடவை ஹெட்லைன் (அந்த நாளோட மெயின் கச்சேரி) பண்ணாங்க, 2007, 2013, 2023. முதல் சிங்கிளா வந்த 'ஐ பெட் யூ லுக் குட் ஆன் தி டான்ஸ்ஃப்ளோர்' பாட்டை மூணுலயும் தேடிப் பாருங்க. பாட்டு ஒண்ணுதான், பாடுற ஆளும் ஒண்ணுதான், ஆனா 2007-ல அவசரமா துப்பின வரியை 2023-ல இழுத்து, தள்ளிப் போட்டு, கூட்டத்தை பாடவிட்டு விளையாடுவாரு. பழைய பாட்டை ஒரு பேண்ட் இன்னைக்கு எப்படி வாசிக்குதுன்னு பாத்தா அவங்க காது இப்ப எங்க இருக்குன்னு தெரிஞ்சுடும். 2012 லண்டன் ஒலிம்பிக்ஸ் தொடக்க விழாவுலயும் அதே பாட்டை வாசிச்சாங்க, அந்த வீடியோ கிடைச்சா நடுவுல செருகிக்கோங்க.

வேற பேண்டுக்கு இதை போட்டுப் பாக்கணும்னா

அடுத்து டேம் இம்பாலாவை எடுங்க, ஆஸ்திரேலியாவுல பெர்த். பேருக்குத்தான் பேண்ட், ஸ்டுடியோவுல கிட்டத்தட்ட எல்லாமே கெவின் பார்க்கர்ங்கற ஒத்தை ஆளு. 'இன்னர்ஸ்பீக்கர்' 2010, 'லோனரிசம்' 2012, 'கரண்ட்ஸ்' 2015, இந்த மூணை மட்டும் கேட்டா போதும். முதல் ரெண்டையும் மிக்ஸ் பண்ணது (ரெக்கார்ட் பண்ண சத்தங்களை அளவு பாத்து ஒண்ணா கலக்குறது) டேவ் ஃபிரிட்மன், மூணாவதை பார்க்கரே பண்ணிட்டாரு. கிட்டார் போய் சிந்தசைசர் வந்ததைத்தான் எல்லாரும் பேசுவாங்க, நீங்க டிரம்ஸ் சத்தத்தோட டெக்ஸ்சரை மட்டும் கேளுங்க, மிக்ஸ் பண்ற கை மாறினா என்ன ஆகும்னு அங்க கேக்கும். ஆளு மாறாம சவுண்ட் மாறுறதுக்கு மங்கீஸ் ஒரு கேஸ்னா இது இன்னொண்ணு. ரொம்ப பெரிய டிஸ்கோகிராஃபி இருக்குற பேண்டை ஆரம்பத்துலயே எடுக்காதீங்க, யோ லா டெங்கோ மாதிரி 1984-ல இருந்து ஓடிட்டு இருக்குறவங்களை எடுத்தா மூணாவது ஆல்பத்துலயே மூச்சு வாங்கிடும்.

கடைசி வேலை, ஒரு பந்தயம் கட்டுங்க

'தி கார்' முடிஞ்சதும் அதுலயும் விதை தேடுங்க, அடுத்த ஆல்பம் எந்தப் பக்கம் போகும்னு எழுதி தேதி போட்டு வைங்க. விற்பனையை பாத்து கணிக்காதீங்க, முதல் ஆறு ஆல்பமும் பிரிட்டன்ல நம்பர் 1, 'தி கார்' மட்டும் நம்பர் 2, அதுவும் டெய்லர் ஸ்விஃப்ட் ஆல்பம் அதே நாள்ல வந்ததுனால, அதுல இருந்து சவுண்டைப் பத்தி ஒண்ணும் தெரியாது. ஒட்டாத பாட்டைத்தான் பாக்கணும். 'தி கார்'ல வயலின் வழியுற ஆல்பத்துக்கு நடுவுல 'ஸ்கல்ப்சர்ஸ் ஆஃப் எனிதிங் கோஸ்'னு ஒண்ணு இருக்கு, டிரம் மெஷினும் கனமான சிந்தசைசரும், இருட்டா, மத்த பாட்டு எதோடயும் ஒட்டாம தனியா நிக்குது. ஜேமி குக்கும் சேந்து எழுதினது. என் பணம் அந்தப் பாட்டு மேலதான், அடுத்ததுல வயலின் குறையும், மெஷின் கூடும். உங்க கணிப்பு வேறன்னா எந்தப் பாட்டுன்னு பேரு சொல்லுங்க, சும்மா "பழைய மாதிரி ராக்குக்கு திரும்பிடுவாங்க"ன்னு சொல்றதெல்லாம் செல்லாது.